குந்தி, திறப்பு, வத்தகப்பழம்

மாசி 4, செவ்வாய்

பெரியாஸ்பத்திரி நரம்பு டொக்டர் ஒரு கொப்பி வாங்கி எழுதச் சொன்னார். வலிப்பு வருகிற நாளெல்லாம் எழுத வேண்டுமாம். வருவதற்கு முன் என்ன செய்தேன், வந்தபோது என்ன நடந்தது, போனபின் எப்படி இருந்தது.

"வந்த நேரம் நான் அங்க நிக்கிறேல்லை டொக்டர். நிண்ட ஆக்களைத்தான் நீங்கள் கேக்கவேணும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தலைக்குள் இருக்கிற எல்லா நரம்பையும் படித்தவருக்குச் சிரிப்பு நரம்பு மட்டும் பாடத்தில் வரவில்லை போலிருக்கிறது.

சரி, எழுதுகிறேன். பெயர் தவமலர். வயது ஐம்பத்தொன்று. படிப்பு ஐந்தாம் வகுப்பு. நான் பள்ளிக்கூடத்தை விடவில்லை, பள்ளிக்கூடம்தான் ஷெல்லுக்குப் பயந்து என்னை விட்டுவிட்டு ஓடியது. தொழில், சுன்னாகம் சந்தையில் வாழைப்பழக் கடை. பழம் எல்லாரும்தான் விற்கிறார்கள். சனம் என்னிடம் வருவது வாய்க்காக. கதலிக்கு நான் வைத்த பெயர் சின்னவள், இதரைக்கு மூத்தவள், கப்பல் வாழைக்குக் கலியாணமாகாதவள். "சின்னவளில ஒரு கிலோ தாங்கோ அக்கா" என்று இப்போது பள்ளிக்கூட வாத்திமாரே கேட்கிறார்கள்.

இன்றைக்கு வந்தது, வியாபாரம் சூடாக நடக்கிற நேரத்தில். கண் விழித்தபோது இடது கையில் இரண்டு கிலோப் படிக்கல். வலது கையில் பலாப்பழக்காரரின் திறப்புக் கோர்வை, வீட்டுத் திறப்பு, கடைத் திறப்பு, பெட்டித் திறப்பு எல்லாம் கிலுகிலுத்துக்கொண்டு. நெஞ்சின் மேல் குறுக்காக ஓர் அலவாங்கு, கிடங்கு கிண்டுகிற நீட்டு இரும்பு. வலிப்புக்காரியின் கையில் இரும்பு கொடுத்தால் நின்றுவிடும் என்பது எங்கள் சந்தையின் நம்பிக்கை. அலவாங்கு வைத்தவன் வலிப்பை நிறுத்த நினைத்தானா, என்னையே நிறுத்த நினைத்தானா, தெரியாது.

இரும்பு ஒன்றும் வேண்டாம், ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்தால் போதும் என்கிறார் டொக்டர். சந்தையில் போய்ச் சொன்னேன்.

"சரிச்சும் படுக்கவைப்பம், இரும்பும் குடுப்பம். ரெண்டும் கிடக்கட்டும் பிள்ளை" என்றார் பலாப்பழக்காரர்.

மாசி 6, வியாழன்

வலிப்பு இல்லை. ஆனால் கொப்பி சும்மா கிடக்கிறது.

இவரைப் பற்றி எழுதலாம். இவர் என்றால் என் புருசன். சந்தைக்குப் பின்னால் சைக்கிள் திருத்துகிற கடை. பேச்சு மிகக் குறைவு. நான் இருவருக்குமாகச் சேர்த்துப் பேசுவதால் வீட்டுக் கணக்கு சரியாக வருகிறது. பெயர் எழுத மாட்டேன். மாமியார் காலத்துப் பழக்கம். புருசன் பெயரை வாயால் சொல்லக்கூடாது, அந்தப் பெயரோடு சேர்ந்த சொல்லையும் சொல்லக்கூடாது. இவருடைய பெயரில் முதற்பாதி, நாலு காலும் ஒரு முதுகும் உள்ள, நாங்கள் எல்லாரும் ஏறி இருக்கிற சாமான். அதனால் கலியாணம் கட்டிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சாமானுக்குக் குந்தி என்று பெயர். குந்துவதற்கு உள்ளது குந்தி. "குந்தியை முத்தத்தில தூக்கிப் போடுங்கோ" என்று நான் கத்தினால் புதிதாக வந்தவர்கள் பஞ்சபாண்டவரையும் தேடுவார்கள்.

மத்தியானம் படுத்தெழும்பி, இவர் பெயரை மனதுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். வந்தது. கொஞ்சம் சுணங்கி வந்தது.

சில பழக்கங்கள் எவ்வளவு வசதியானவை.

மாசி 9, ஞாயிறு

பெரிய பிழை விட்டுவிட்டேன். கனடாவில் இருக்கிற தங்கச்சி வத்சலாவிடம் டொக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

டொக்டர் சொன்னது இவ்வளவுதான். இரண்டு மருந்துக் குளிசை கொடுத்துப் பார்த்தாயிற்று, கேட்கவில்லை. மூன்றாவது, வலிப்பை நிறுத்தவில்லை, என்னைத்தான் நித்திரையாக்குகிறது. இனி ஒப்பரேசனைப் பற்றியும் யோசிக்கலாம், வெளிநாட்டில் காட்ட வசதி இருந்தால் காட்டலாம்.

வெளிநாடு என்ற சொல் தங்கச்சியின் காதில் விழுந்து அரை மணித்தியாலத்தில் 'மலர் அக்கா சிகிச்சை' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு பிறந்துவிட்டது. சுவிஸ் அண்ணை பாலேந்திரன், வத்சலா, இலண்டன், பாரிஸ், நோர்வே. நான் கண்டிராத ஒன்றுவிட்ட மச்சாள்மார்கூட உள்ளே வந்து கைகூப்புகிறார்கள். ஒருத்தி எனக்கு மலர்வளையப் படம் போட்டு, பிறகு அழித்தாள்.

மாசி 20, வியாழன்

இன்று சுவிஸ் டொக்டர். வீடியோவில். அண்ணை அவருக்குப் பக்கத்தில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு இருந்தார். ஜேர்மன் மொழிபெயர்ப்பு அவர்தான்.

டொக்டர் ஏதோ கேட்டார்.

"வலிப்பு வாறதுக்கு முதல் உனக்கு ஏதும் தெரியுமோ எண்டு கேக்கிறார்" என்றார் அண்ணை.

நான் ஒழுங்காகச் சொன்னேன். வயிற்றுக்குள்ளிருந்து ஒரு ஊதல் எழும்பி நெஞ்சுக்கு வரும். ஈரச் சாக்கு மணக்கும். சந்தை முழுவதும் இதே மாதிரி முன்பொருநாள் நடந்ததுபோல இருக்கும், பூசணிக்காய்க்காரி எந்தக் கையால் மூக்குச் சிந்துவாள் என்பதுவரை முன்கூட்டியே தெரியும். அந்த நேரத்தில் மட்டும் பலாப்பழக்காரர் நல்ல வடிவாயிருப்பார்.

அண்ணை டொக்டர் பக்கம் திரும்பி "யா" என்றார்.

"அண்ணை, நான் இவ்வளவு சொன்னன், நீங்கள் ஒரு எழுத்தோட முடிச்சிட்டியள்?"

"ஜேர்மனில சுருக்கமாத்தான் கதைப்பினம். நீ வாயைப் பொத்திக்கொண்டிரு."

டொக்டர் திரும்பவும் கேட்டார். என் வலிப்பால் ஆருக்கும் காயம் வந்ததா என்று. "போன மாசம் ஒரு கலியாணமாகாதவளின்ர கழுத்து முறிஞ்சு போச்சு" என்றேன். கப்பல் வாழைக்குலையைச் சொன்னேன். அண்ணை அதை மட்டும் முழுதாக மொழிபெயர்த்தார். டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

பங்குனி 2, ஞாயிறு

வத்சலா கனடாவிலிருந்து புதுவழி கண்டுபிடித்திருக்கிறாள். சோறு இல்லை, பாண் இல்லை, சீனி இல்லை, பழம் இல்லை. தேங்காய், முட்டை, எண்ணெய், வெண்ணெய். அப்படிச் சாப்பிட்டால் சிலருக்கு வலிப்புக் குறையுமாம். டொக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டுமாம், அது குறுஞ்செய்தியின் கடைசி வரியில் இருந்தது. நான் கடைசி வரிவரை வாசிக்கிற ஆள் இல்லை.

மூன்று நாள் தாங்கினேன். நாலாம் நாள் ஒரு வாத்தியார் வந்து, "என்ன தவமலர், நீங்களே சாப்பிடாத சாமானையோ எங்களுக்கு விக்கிறியள்?" என்று கேட்டார். அந்த நிமிடமே ஒரு சின்னவளை உரித்து வாயில் வைத்தேன். வியாபாரம் என்று வந்தால் வைத்தியம் பிறகுதான்.

பங்குனி 11, செவ்வாய்

வந்தது. கையில் இருந்தது, தையற்காரரின் கத்தரிக்கோல், வாய் திறந்தபடி. இவர் கடையிலிருந்து ஓடிவந்து அதைப் பறித்து எறிந்துவிட்டு, என்னைச் சரித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே தன் சட்டையைக் கழற்றி வைத்தாராம். சட்டை முழுக்கக் கிறீஸ். நான் எழும்பும்போது என் கன்னத்தில் ஒரு சைக்கிள் சங்கிலி அச்சடித்திருந்தது.

பின்னேரம் வியாபாரத்தில் எல்லாரோடும் 'இது அரைக்கிலோ, உது ஒரு கிலோ' என்று பேசிச் சமாளித்தேன். சனத்துக்கு அது பகிடியாகப் பட்டது. நல்லது.

பங்குனி 16, ஞாயிறு

குழுவில் இன்று இயந்திரம். நெஞ்சுத் தோலுக்குக் கீழே மின்சாரப் பட்டறி மாதிரி ஒன்றை வைத்து, கழுத்து நரம்போடு தொடுப்பார்களாம். வலிப்பு வருகிற நேரம் மேலே ஒரு காந்தத்தைக் காட்டினால் அடங்கிப்போகலாமாம்.

காந்தம்! எங்கள் சந்தையில்! பலாப்பழக்காரரின் திறப்புக் கோர்வை, படிக்கல், கத்தரிக்கோல், அலவாங்கு எல்லாம் நாலு பக்கத்தாலும் பறந்துவந்து என் நெஞ்சில் ஒட்டினால் என்னைக் கழற்றி எடுக்கப் பட்டறைக்காரன் அல்லவா வேண்டும்? இதைக் குழுவில் குரலாகப் பேசி அனுப்பினேன். "அக்கா சீரியஸ் இல்லாமக் கதைக்கிறா" என்று வத்சலா எழுதினாள். அதற்குப் பதின்மூன்று பேர் கட்டைவிரல் தூக்கினார்கள்.

பங்குனி 23, ஞாயிறு

வோட்டெடுப்பு. எந்த நாட்டு ஆஸ்பத்திரி? சுவிஸ், கனடா, சிங்கப்பூர், சென்னை. நான் ஐந்தாவதாக, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற காங்கேசன்துறையைச் சேர்த்துவிட்டேன். அதற்கு நாலு வோட்டு விழுந்தது. அவர்களுக்குக் காங்கேசன்துறை எங்கே இருக்கிறது என்பது மறந்துபோயிருக்க வேண்டும்.

அண்ணையும் வத்சலாவும் இழுபறிப்பட்டார்கள். சுவிஸ் சுத்தம் என்றார் அண்ணை. கனடாவில் மனிசர் இருக்கினம் என்றாள் வத்சலா. விசாவுக்கு மாதக்கணக்கு என்று தெரிந்ததும் இரண்டு பேருக்கும் சுருதி இறங்கியது. திடீரென்று வத்சலா சென்னைக்குக் கட்சி மாறினாள். மகளின் கலியாணம் ஆவணியில். கூறைச்சேலை எடுக்க எப்படியும் சென்னைக்கு வரத்தான் வேண்டும். ஆக என் தலை எங்கே திறக்கப்படும் என்பதைக் காஞ்சிபுரம் பட்டு முடிவு செய்தது.

இவரிடம் பட்டன் போன். அதனால் வோட்டு இல்லை. செய்தி சொன்னபோது ஒன்றே ஒன்று கேட்டார்.

"அங்க தமிழ் கதைப்பினமோ?"

"அத்தான், அது தமிழ்நாடெல்லே!" என்று வத்சலா போனுக்குள்ளிருந்து கத்தினாள்.

"அப்ப சரி" என்று சைக்கிள் டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கினார்.

வைகாசி 2, வெள்ளி

சென்னை. பலாலியில் பிளேன் ஏறி, தந்த தண்ணீரைக் குடித்து முடிக்கமுதல் இறங்கச் சொல்லிவிட்டார்கள். வெளிநாடு என்றால் இன்னும் கொஞ்ச நேரம் பறக்க வேண்டாமா?

லொட்ஜில் இவர் வாய் திறந்த முதல் சொல்லிலேயே சண்டை.

"தம்பி, திறப்புத் தாங்கோ."

"என்ன திறப்பு சார்? திறப்பு விழாவா?"

"அறைத் திறப்பு."

"ரூம் எல்லாம் போன வருஷமே திறந்தாச்சு சார். ஓனர்தான் ரிப்பன் வெட்டினாரு."

இவர் என்னைப் பார்த்தார். நான் விரலால் பூட்டுக்குள் விட்டுத் திருகிக் காட்டினேன்.

"அட, சாவியா! அதைச் சொல்ல வேண்டியதுதானே!"

வெளியே வெயில். தள்ளுவண்டியில் சிவப்பாக வெட்டி அடுக்கியிருந்தான். "வத்தகப்பழம் ஒரு துண்டு தாங்கோ" என்றேன். "வத்தலா? மளிகைக் கடையில கேளும்மா" என்றான். கை நீட்டிக் காட்டி வாங்கினேன். வாய்க்குள் போனபிறகு எந்த ஊர்ப் பெயரானாலும் ஒரே ருசிதான்.

வைகாசி 7, புதன்

தலையில் வயர் ஒட்டி, மேலே கமெரா வைத்து, வலிப்பு வரும்வரைக்கும் எல்லாரும் காத்திருக்கிறார்கள். குளிசையைக் குறைத்துவிட்டார்கள். என் சீவியத்திலேயே முதற்தடவையாக அதைச் சம்பந்தி வீட்டார் மாதிரி அழைக்கிறோம். முந்தநாள் வரை வரவேயில்லை. சந்தையில் குலை தூக்கும்போது வரத் தெரிந்ததற்கு, மெத்தையில் படுத்திருக்கும்போது வர வெட்கம்.

நேற்று, கனடாவிலிருந்து வந்து நிற்கிற வத்சலா பட்டுக்கடைக்குப் போன பிறகுதான் வந்ததாம். இரண்டு தரம். தாதிமார் கைதட்டாத குறை. ஒரு பிள்ளை "சூப்பர்மா!" என்றாள். கையில் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. ஏதோ குறைகிற மாதிரி இருந்தது.

வைகாசி 9, வெள்ளி

படச் சோதனை. மதுவந்தி என்று ஒரு பிள்ளை, முப்பது வயதிருக்கும். படம் காட்டுவாள், நான் பெயர் சொல்ல வேண்டும். சரி பிழை எதையும் அவள் முகத்தில் காட்டக்கூடாதாம், அது அவர்கள் தொழில் விதி. அப்படி ஒரு முகத்தைக் கண்டால் எனக்குச் சும்மா இருக்க முடியாது.

நாலு கால், ஒரு முதுகு. "குந்தி" என்றேன். எழுதினாள்.

பூட்டுக்குள் போவது. "திறப்பு." எழுதினாள்.

"தும்புத்தடி." வீடு கூட்டுவது. "சவர்க்காரம்." போட்டுக் குளிப்பது. "சப்பாத்து." காலில் போடுவது. "வத்தகப்பழம்." எழுதினாள், எழுதினாள், எழுதினாள். பேனை ஓடுகிற வேகத்தைப் பார்த்து நான் வகுப்பில் முதலாம் பிள்ளை என்று நினைத்தேன்.

ஒட்டகம் வந்தது. "எங்கட சுவிஸ் அண்ணை" என்றேன். அவள் கன்னம் கொஞ்சம் ஆடியது.

மழைக்குப் பிடிக்கிறது வந்தது. "மழைக்கு மாமியார்" என்றேன்.

வாழைப்பழம் வந்தது. "கிலோ நானூறு, உமக்கெண்டபடியால் முந்நூற்றைம்பது" என்றேன். வாய்விட்டே சிரித்துவிட்டாள். வெற்றி எனக்கு.

"உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?"

"நாங்கள் சொல்லுறேல்லை."

அதையும் எழுதினாள்.

வைகாசி 12, திங்கள்

தலை ஒப்பரேசன் செய்கிற டொக்டர் உமாபதி எல்லாரையும் இருத்தி வைத்துச் சொன்னார்.

"வலிப்பு கிளம்புற இடம் இடது பக்கம், காதுக்கு உள்பக்கமா. பேச்சும் அந்தப் பக்கம்தான் குடியிருக்கு. வழக்கமா அங்க கை வைக்கிறதுக்கு முன்னாடி நூறு தடவை யோசிப்போம். ஆனா இந்தம்மாவுக்குப் பேர் சொல்ற திறமை ஏற்கெனவே ரொம்பக் குறைஞ்சிருக்கு. பாதிப் படத்துக்கு மேல தப்பு. அதனால எடுத்தாலும் பேச்சுல இழக்கறதுக்குப் பெரிசா ஒண்ணும் இல்ல."

சந்தையில் யாராவது இதைக் கேட்டிருந்தால் விழுந்து சிரித்திருப்பார்கள். தவமலருக்குப் பேச்சில் இழக்க ஒன்றும் இல்லையாம்.

வத்சலா அழுதாள். நான் ஏதாவது பகிடி சொல்வேன் என்று எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வைகாசி 13, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

வைகாசி 14, புதன்

அண்ணை போனில், "நான் அப்பவே சுவிஸ் எண்டு சொன்னனான்" என்று தொடங்கினார். வத்சலா அவருக்குச் சோதனை முடிவை ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினாள்.

"சாவி. நோயாளி சொன்னது, திறப்பு. தவறு."

இவர் பிளாஸ்டிக் கோப்பையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"திறப்பு சரிதானே?"

வத்சலா நிமிர்ந்தாள். "தர்பூசணி. நோயாளி சொன்னது, வத்தகப்பழம். அப்படி ஒரு சொல் இல்லை. தவறு."

"எப்பிடி இல்லை?"

"துடைப்பம். தும்புத்தடி எண்டு சொன்னவவாம். தடி எண்டு சொன்னதால கால் மதிப்பெண். அத்தான், அடுத்ததைக் கேளுங்கோ. நாற்காலி. நோயாளி சொன்னது, குந்தி. புராணக் குழப்பம் இருக்கலாம்."

போனுக்குள் அண்ணை சிரித்துச் சிரித்து இருமினார். வத்சலாவும் கண்ணீரைத் துடைக்காமலே சிரித்தாள். இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

திரும்பி வர ஒரு மணித்தியாலம் ஆனது. ஆஸ்பத்திரியில் அரபுக்கு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார், வங்காளத்துக்கு இருக்கிறார், தமிழுக்கு இல்லை. வேண்டும் என்று கேட்டிருக்கிறார். "நோயாளி என்ன மொழி?" "தமிழ்." "டாக்டர் என்ன மொழி?" "தமிழ்." கொம்பியூட்டர் அதை ஏற்றுக்கொள்ளவில்லையாம். கடைசியில் இவருடைய சட்டையில் ஓர் அட்டை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். பெயர் போட இடம் போதாமல் வேலையை மட்டும் எழுதியிருக்கிறார்கள். 'மொழிபெயர்ப்பாளர் – தமிழ் / தமிழ்'.

வீட்டில் வாய் திறக்காத மனிசனுக்கு வெளிநாட்டில் பேச்சு உத்தியோகம்.

வைகாசி 15, வியாழன்

திரும்பவும் படச் சோதனை. மதுவந்தி முன்னால், நான் நடுவில், இவர் பக்கத்தில் அட்டையோடு.

"திறப்பு" என்றேன்.

"சாவி" என்றார் இவர்.

"வத்தகப்பழம்."

"இஞ்ச என்னவோ பூசணி எண்டுவினம். அது."

"தும்புத்தடி."

"விளக்குமாறு."

மதுவந்தி ஒவ்வொன்றாகப் பிழையை வெட்டிச் சரி போட்டாள். போனமுறை காட்டாத முகத்தை இந்தமுறை நன்றாகவே காட்டினாள், பாவம், காதெல்லாம் சிவந்திருந்தது. நாலு கால் சாமான் வந்தபோது நான் "குந்தி" என்றேன்.

"இது உங்க ஊர் வார்த்தையா சார்?"

"இல்லை. எங்கட வீட்டுச் சொல். ஊரில அதைக் கதிரை எண்டு சொல்லுவம். என்ர பேரில அது கிடக்கு, அதாலை அவ சொல்லமாட்டா."

"ஓ! அப்ப இதுவும் சரி" என்று பெரிதாகச் சரி போட்டாள். எனக்கு ராசாத்தி மாதிரி இருந்தது. இப்படியே போனால் பேச்சு முழுக்க உயிரோடிருக்கிறது, கத்தி வைக்கக்கூடாது என்று எழுதி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். வலிப்பு கிடக்கட்டும், பழகினதுதானே. வாய் தப்பும்.

வாழைப்பழம் வந்தது.

"கிலோ நானூறு. உமக்கெண்டபடியால்..."

மதுவந்தி சிரித்துக்கொண்டே இவர் பக்கம் திரும்பினாள். "சார், இதையும் சரின்னு போட்டுடலாமா? அவங்க விக்கிற பழமாச்சே, பேர் தெரியாமலா இருக்கும்?"

நான் இவரைப் பார்த்தேன். ஓம் என்ற ஒரு சொல் போதும். வாழ்க்கையில் எத்தனை விஷயத்துக்கு ஓம் என்று தலையாட்டியிருக்கிறார்.

"இல்லை" என்றார். "அவவுக்குப் பேர் வரேல்லை."

இவர் மதுவந்தி பக்கம் திரும்பினார்.

"கன காலமா வரேல்லை. சில நாள் வரும், சில நாள் வராது. அதுக்குத்தான் சின்னவள், மூத்தவள் எண்டு பேர் வச்சவ. இது, உது எண்டு சொல்லித்தான் விக்கிறா. குடைக்கும் வராது. பலாப்பழக்காரற்ற பேரும் வராது. அந்தாளுக்குத் தெரியாது, பகிடிக்குத் தொழிலைச் சொல்லிக் கூப்பிடுறா எண்டு நினைச்சுக்கொண்டிருக்குது."

மதுவந்தி பேனையை எடுத்தாள், வைத்தாள். நான் ஒட்டகப் படத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

வைகாசி 16, வெள்ளி

இவரோடு பேசவில்லை. நான் பேசாதது இவருக்கு விளங்க அரைநாள் எடுத்தது.

பின்னேரம் நானாகவே கேட்டேன். "ஏன் சொன்னீங்கள்? ஓம் எண்டு சொல்லியிருந்தால் ஊருக்குப் போயிருக்கலாமெல்லே?"

இவர் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார். "டியூபில ஓட்டை கிடந்தால் எங்க கிடக்குதெண்டு பாக்கவேணும் மலர். நீ எத்தினை வருசமாக் காத்தடிச்சுக் காத்தடிச்சு ஓடுறாய்."

இவர் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எழுதி வைக்கிறேன். எழுதும்போது எல்லாப் பெயரும் கைக்கு வருகின்றன, வாழைப்பழம், குடை, எல்லாம். வாய்க்குப் போகிற வழியில்தான் எங்கேயோ இறங்கிவிடுகின்றன.

வைகாசி 19, திங்கள்

டொக்டர் உமாபதி முதலில் மன்னிப்புக் கேட்டார். சோதனைத் தாளில் இனி எங்கள் சொற்களையும் சேர்ப்பார்களாம். பிறகு புதுக்கதை.

பேச்சு உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் வலிப்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கிறது. விட்டால் இன்னும் கொறிக்கலாம். வெட்டினால் வலிப்பு நிற்கலாம், நிற்காமலும் போகலாம், சில பெயர்கள் போகவும் கூடும். சத்தியம் பண்ண மாட்டேன் என்றார். அந்த ஒரு வசனத்துக்காக எனக்கு அவரைப் பிடித்தது.

"ஒரு வழி இருக்கு. தலையைத் திறந்த பிறகு உங்களை எழுப்பிடுவோம். வலிக்காது. நீங்க பேசிக்கிட்டே இருக்கணும். எந்த இடத்தைத் தொட்டாப் பேச்சு தடுமாறுதோ அந்த இடத்தை விட்டுடுவோம்."

"அப்ப நான் எவ்வளவு கதைக்கிறனோ அவ்வளவும் மிஞ்சுமோ?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"டொக்டர், நீங்கள் ஆளைத் தெரியாமச் சொல்லிப்போட்டியள்" என்றாள் வத்சலா. "பேந்து உங்களால ஒண்டும் வெட்டேலாது."

எல்லாரும் சிரித்தார்கள். நான் இவரைப் பார்த்தேன். இவர் அட்டையைத் திரும்பவும் சட்டையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"இவரும் உள்ளுக்க வருவாரோ? தமிழுக்கு ஆள் வேணுமெல்லே?"

அப்படி ஆரும் வந்ததில்லையாம். வரக்கூடாது என்றும் எங்கும் எழுதியிருக்கவில்லையாம். மூன்று இடத்தில் கேட்டு, கடைசியில் கைகழுவப் பழக்கி விடுவதாகச் சொன்னார்கள். கிறீஸ் கை. கன நாள் எடுக்கும்.

"அப்ப வெட்டுங்கோ" என்றேன்.

வைகாசி 25, ஞாயிறு

நாளைக்கு. தலைமயிர் பாதி போய்விட்டது. குழுவுக்குப் படம் அனுப்பினேன். அண்ணை தானும் பாதி மொட்டைதான் என்று தன் படத்தை அனுப்பினார். பார்த்தால் அண்ணனும் தங்கச்சியும் என்று சொல்லிவிடலாம்.

சந்தையிலிருந்து பலாப்பழக்காரர் கூப்பிட்டார்.

"பிள்ளை, அங்க கைக்குக் கிட்ட இரும்பு ஏதும் இருக்குமோ?"

"கத்தி, கத்தரிக்கோல், துளைக்கிறது எல்லாம் கிடக்கு."

"எல்லாம் நல்ல இரும்போ?"

"வெளிநாட்டு இரும்பு."

"அப்ப பயமில்லை" என்று வைத்துவிட்டார்.

வைகாசி 26, திங்கள்

இது நான் எழுதுறது. ஒப்பரேசன் முடிஞ்சுது. முழுக்கக் கதைச்சுக்கொண்டிருந்தா. இப்ப நித்திரை. வேறை எழுத ஒண்டுமில்லை.

ஆனி 2, திங்கள்

மேலே ஐந்து வசனத்தில் முடித்திருப்பவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. சுவிஸ் அண்ணைக்கு ஏற்ற மொழிபெயர்ப்பாளர்.

கை இன்னும் நடுங்குகிறது, எழுத்து கோழி கிண்டியது போலிருக்கிறது. வலிப்பு இதுவரை வரவில்லை. வருமா என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சில பெயர்கள் வெளிக்கிட்டுப் போயிருக்கின்றன. காலையில் தாதிக்கு, தலைக்கு வைக்கிறது வேண்டும் என்று சொல்ல, தொப்பி கொண்டுவந்தாள். தலையணை திரும்பி வருமாம், பொறுக்கட்டாம். வாழைப்பழம் நேற்று ஒருதரம் வாய்க்கு வந்தது. உடனே மூன்று பேரைக் கூப்பிட்டுச் சொன்னேன். நாலாவது ஆள் வரும்போது போய்விட்டது.

உள்ளே நடந்ததை எழுத வேண்டும். முதற்தடவையாக, என் தலைக்கு ஏதோ நடக்கும்போது நானும் அங்கே நின்றேன்.

கண்ணைத் திறந்தபோது பச்சைத் துணியால் ஒரு கூடாரம். அதற்குள் மதுவந்தியின் முகம். அவளுக்குப் பக்கத்தில், பச்சைத் தொப்பி, பச்சை முகமூடி, பச்சை அங்கி, நடுவில் இரண்டு கண். கத்தரிக்காய்க்குக் காம்பு போட்ட மாதிரி. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. "அம்மா, ஆடாதீங்க" என்று தலைக்கு மேலிருந்து டொக்டர் கத்தினார்.

படங்கள் வந்தன. திறப்பு என்றேன், கூடாரத்துக்குள் "சாவி" என்று கேட்டது. வத்தகப்பழம் என்றேன், "தர்பூசணி" என்று கேட்டது. லொட்ஜில் இருந்து பாடமாக்கியிருக்கிறார் மனிசன். குடை வந்தது. இவ்வளவு நாள் வராதது, அன்றைக்கு "குடை" என்று கணீரென்று வந்தது. ஒட்டகம் வந்தது. ஒட்டகம் என்றுதான் சொன்னேன், அண்ணை பிழைத்துப்போகட்டும்.

பிறகு ஓரிடத்தில் வாய் அடைத்தது. சைக்கிள் படம். எனக்குச் சைக்கிள் தெரிகிறது, சங்கிலி தெரிகிறது, பெடல் தெரிகிறது, பெயர் மட்டும் இல்லை. "நிறுத்துங்க, இங்க வேண்டாம்" என்றார் டொக்டர் யாரிடமோ. கையை எடுத்தார். சைக்கிள் திரும்பி வந்தது. அந்த இடம் அப்படியே விடப்பட்டது.

"நல்லாப் போகுதும்மா. நிறுத்தாம பேசிக்கிட்டே இருங்க."

மதுவந்தி அடுத்த படத்தைப் பிடித்தாள். நாலு கால், ஒரு முதுகு.

குந்தி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள், எவ்வளவு சொல்கிறேனோ அவ்வளவு மிஞ்சும் என்பது ஞாபகம் வந்தது. சொல்லாமல் வைத்திருப்பதை இவர்கள் எப்படிக் கண்டுபிடித்துக் காப்பாற்றுவார்கள்? தலை திறந்து கிடக்கிறது, மாமியார் செத்துப் பத்து வருடம்.

"கதிரை" என்றேன்.

"நாற்காலி" என்றார் இவர், கொஞ்சம் சுணங்கி.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தக்கூடாது என்றுதானே சொல்லியிருந்தார்கள்.

"வேல்" என்றேன். பிறகு இரண்டையும் சேர்த்து, சந்தைக்குக் கேட்கிற குரலில், "கதிரைவேல்!"

மதுவந்தி படத்தைத் திருப்பி ஒருதரம் பார்த்தாள். கையிலிருந்த தாளைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள்.

"சார், இது உங்க ஊர் வார்த்தையா?"

பச்சை முகமூடி மேலும் கீழும் அசைந்தது. கன நேரமாகச் சொல் வரவில்லை. இந்தமுறை பெயர் வராமல் நின்றது நான் இல்லை.

"இல்லை" என்றார் கடைசியில். "அது நான்."